"அடைச்சுத் தொறந்தீங்களா, ஆண்டி?"

தம்பி,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டேன். "ஓகே" என்று ஒரு வார்த்தை தட்டி அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தாய். அதைத்தான் செய்யப் போனேன், விரல் போகவில்லை. நீ "பாத்தீங்களாம்மா? ஓகேவா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நான் மாதா படத்தையும் கைகூப்பும் பொம்மையையும் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். அம்மாவுக்கு ஆபீசில் வேலை அதிகம் போல என்று நினைத்திருப்பாய். வேலை ஒன்றும் இல்லை, கோபம்தான். கோபத்தை போனில் பேசினால் உன் காதுக்கு வந்து சேர்வதற்குள் அது அழுகையாகிவிடும். உன் அப்பா வேறு ஊடே புகுந்து சமாதானம் பேசுவார். சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். மாதா கோவில் ஆபீசில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கடிதம் அடித்துக் கொடுக்கிறவள், பெற்ற பிள்ளைக்கு ஒன்று அடிக்கக் கூடாதா?

கோபத்துக்கு முன்னால் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். நீ சமூகக் கல்லூரியில் வாத்தியாராகச் சேர்ந்தபோது நம் சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று உனக்கு நினைவிருக்கும். "அங்கயா? பரீட்ச சரியா எழுதாத பிள்ளைங்க போற எடமாச்சே" என்றார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கவும், ஆபீஸ்களுக்குப் போய் உதவி செய்யவும் கற்றுக்கொடுக்கிறான் என்று நான் சொன்னால், "ஓ, கம்ப்யூட்டர் கடையா?" என்று கேட்டார்கள். அந்தக் கல்லூரியிலிருந்து உன்னையும் உன் மாணவி லோகாவையும் செமஸ்டர் விடுமுறைக்கு ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டது. ஒரு வாத்தியார், ஒரு மாணவர், இருவரும் கூட்டாக உட்கார்ந்து ஓர் ஆராய்ச்சி செய்யலாம் என்றது. அன்றைக்கு பூசை முடிந்து வெளியே வந்தவர்களில் நான் சொல்லாமல் விட்ட ஆள் கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துவதால் அதற்கு சம்மர் ரிசர்ச் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாய். "நம்ம ஊர்ல எந்த மாசம்டா சம்மர் இல்ல?" என்று உன் அப்பா கேட்டார். கேலிதான், ஆனால் அன்று சாயங்காலம் கோப்பிக் கடையில் அவரும் அதே சம்மரைத்தான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குச் சேதி வந்தது.

நீங்கள் எடுத்துக்கொண்ட கேள்வியும் எனக்குப் பிடித்திருந்தது. சின்ன ஆபீஸ்களிலிருந்து கம்ப்யூட்டர் உதவி கேட்டு வருகிற போனில், ஒரே கோளாறு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? சொல்லிக் கொடுத்தபடி செய்கிறோம் என்கிறார்கள், பிறகும் ஏன் சரியாவதில்லை? கிளினிக், நர்சரிப் பள்ளி, கூட்டுறவுச் சங்கம் என்று நீ ஆபீஸ் தேடிக்கொண்டிருந்தபோது, "நம்ம கோவில் ஆபீசையும் சேத்துக்கடா" என்று நான்தான் சொன்னேன். ஃபாதரிடம் பேசி அனுமதி வாங்கினேன். போனில் பேசுவதைப் பதிவு செய்வார்கள், பெயர் வெளியே வராது என்று நீ விளக்கியதைக் கேட்டுத்தான் கையெழுத்தும் போட்டேன். அதனால் யாரும் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அந்த போன் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்புகள் பிரிண்டரில் சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. ஃபாதர் கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். மணப்பெண்ணின் அம்மா எதிரே உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார். நீ கொடுத்த நம்பருக்கு அடித்தேன், லோகா எடுத்தாள். "ஆண்டி, கம்ப்யூட்டர அடைச்சுத் தொறந்தீங்களா?" என்று கேட்டாள். அடைத்தேன், திறந்தேன், அப்படியேதான் இருக்கிறது என்றேன். இன்னொரு தடவை அடைக்கச் சொன்னாள். அடைத்துவிட்டேன் என்றேன். "அதுக்குள்ளயா?" என்றாள். "அடைக்கிறதுக்கு எவ்ளோ நேரம்லா ஆகும்? பட்டன அமுக்குனா அடஞ்சுருச்சு." அதற்கு அந்தப் பிள்ளை, "இல்ல ஆண்டி, நீங்க அடைக்கல" என்று சொல்லிவிட்டாள். வந்ததே எனக்குக் கோபம். "கம்ப்யூட்டர் முன்னுக்கு ஒக்காந்திருக்கிறது நானா நீயா? நான் பொய் சொல்றேங்கிறியா? மாதா சாட்சியா அடைச்சேன்!" மணப்பெண்ணின் அம்மா பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை என்று இப்போது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் வீட்டில் விளக்கை அடைப்போம், டிவியை அடைப்போம், காற்றாடியை அடைப்போம். எஸ்டேட் லயத்துக்குக் கரண்டு வந்த நாளிலிருந்தே அப்படித்தான் பேசுகிறோம். மலாய்க்காரர்கள் தூத்தோப், பூக்கா என்பார்கள், நாம் அடை, தொற என்போம். வெளிச்சம் போய்விட்டால் அடைந்துவிட்டது என்று அர்த்தம். நான் அடைத்தது திரையை. லோகா கேட்டது மேசைக்கு அடியில் இருக்கிற பெட்டியை. அந்தப் பெட்டி கடைசியாக அடைந்தது, ஈஸ்டருக்கு முந்தின வாரம் கரண்டு போனபோதுதான். அதை லோகா பிறகு கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓர் இடத்தில் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் திரையை இருட்டாக்கிவிட்டு, கம்ப்யூட்டரையும் அடைத்தாயிற்று என்று கதவைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அது பாவம், தூக்கமே இல்லாமல் கிடந்திருக்கிறது.

நான் கத்தி முடித்தேன். லோகா போனை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள். "சாரி ஆண்டி. நான் கேட்டதுதான் சரியில்ல போல. இப்ப ஒங்க காதுக்கு என்ன சத்தம் கேக்குது, அத மட்டும் சொல்லுங்க." மேசைக்கு அடியில் உர்ரென்று ஒரு சத்தம் என்றேன். "அந்தச் சத்தம் நிக்கணும் ஆண்டி." அது எப்படி நிற்கும் என்று கேட்டேன், வழி சொன்னாள், சத்தம் நின்றது. மறுபடி கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டபோது, சிக்கிக் கிடந்த அறிவிப்புகள் எல்லாம் வேண்டிய அளவுக்கு மேலேயே வந்து விழுந்தன. நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். இதெல்லாம் அந்தப் பதிவிலேயே இருக்கிறது. நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உன்னிடம்தான் முழுப் பதிவும் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நீயும் லோகாவும் செமோரில் நம் வீட்டுக்கு வந்தீர்கள். பாகான் டத்தோவில் அவள் வீட்டுத் தென்னையில் பறித்ததென்று இளநீர் கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அடைக்கிறது என்றால் எனக்கு எது எது, உன் அப்பாவுக்கு எது எது என்று நீங்கள் கேட்டுக்கொண்டே போனதை நான் மறக்கவில்லை. முதல் தடவையாக என் பேச்சை யாரோ கவனமாகக் கேட்கிறார்கள் என்று இருந்தது. "சார், இனிமே அடைச்சீங்களான்னு கேக்கவே வேணாம். சத்தம் நின்னுச்சான்னு கேப்போம்" என்று அவள் சொன்னாள். நீ உடனே, "சத்தமே இல்லாத பெட்டியும் இருக்குமே. அதுக்கு என்ன கேக்குறது?" என்றாய். இருவரும் கோப்பி ஆறும்வரை அதையே பேசினீர்கள். யார் சார், யார் மாணவி என்று அப்போது பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கூட்டு என்று அந்தப் பல்கலைக்கழகம் சொன்னது இதைத்தான் என்று எனக்குப் பட்டது. கேட்கிற விதத்தை மாற்றிய பிறகு மற்ற ஆபீஸ்களிலிருந்தும் திரும்பி வருகிற போன் குறைந்துவிட்டது என்று நீ சொன்னபோது, அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இந்தப் பெருமையோடுதான், முதல் கூட்டத்தில் நீ ஆராய்ச்சியைப் பற்றிப் பேசிய அந்த வீடியோவைப் பார்க்க உட்கார்ந்தேன். சின்ன மண்டபம்தான், ஆனால் நிறைய பேர் இருந்தார்கள். கோட்டு உனக்கு நன்றாக இருந்தது. எடுத்த எடுப்பிலேயே பதிவைப் போட்டாய். திரையில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. கீழே "பயனர் ஏழு" என்று போட்டிருந்தது. அடைத்தேன், அடைத்தேன், அடைத்தேன் என்று அந்தப் பொம்பளை சொல்லச் சொல்ல, சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரைக்கும் போனது. மாதா சாட்சி வந்தபோது ஒருவர் மேசையைத் தட்டியே சிரித்தார். அங்கே பதிவை நிறுத்திவிட்டு நீ திரும்பி நின்று, "பயனர் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று" என்றாய். அதற்கும் சிரித்தார்கள். பிறகு நீ பட்டியலுக்கும் படத்துக்கும் போய்விட்டாய். லோகா ஓரத்தில் குனிந்து பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் அவள் முகத்தைத் தேடினேன். அவள் சிரிக்கவில்லை.

உன் அப்பா சிரித்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "யாருலா இந்தப் பொம்பள? மாதாவ வேற சாட்சிக்கு இழுக்குது!" என்றார். டெலிபோன் குரல், மண்டபத்து எதிரொலி வேறு, அவருக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை போடு என்றார், போட்டேன். பாதியில் சிரிப்பு நின்றது. "ஏய், இது நீயா?" என்றார். ஆமாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் பேசியிருக்க" என்று சொல்லிவிட்டுக் கோப்பி கலக்கப் போய்விட்டார். தம்பி, எனக்கு அழுகை வந்தது. யாரோ தெரியாதவர்கள் சிரித்ததற்கு இல்லை. என்னோடு இத்தனை காலம் குடும்பம் நடத்திய மனுஷனே, ஒரு முட்டாள் பொம்பளையைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துச் சிரிக்கும்படி என்னை நீ அங்கே நிறுத்தியிருந்தாய், அதற்குத்தான்.

இதைப் படிக்கும்போது நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள், ஆரம்பத்திலேயே ஆட்களைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும், பேராசிரியரே அதை வைக்கச் சொன்னார் என்பாய். நம்புகிறேன். சிரிக்க வைக்கிற புத்தி உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது. போன வருஷம் ஒருவர் ஆபீசுக்கு வந்து, "பிள்ளைக்கு ஞானஸ்நான ஐ.சி. வேணும்" என்று கேட்டார். சர்டிபிகேட்டைத்தான் கேட்டார், வாயில் அடையாள அட்டையின் பெயர் வந்துவிட்டது. அன்று பாட்டுப் பயிற்சிக்கு வந்தவர்களிடமெல்லாம் அவரைப் போலவே பேசிக் காட்டி நான் வாங்கிய சிரிப்பு கொஞ்சமில்லை. இந்த வீடியோவைப் பார்த்த மறுநாள் அதே மனுஷன் இன்னொரு பிள்ளைக்காக வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஐ.சி. என்றாலும் சர்டிபிகேட் என்றாலும் அவர் கேட்டது ஒன்றுதான், தன் பிள்ளைக்கு இந்த உலகத்தில் ஒரு பெயர் எழுதித் தரச் சொன்னார். கேட்டது எனக்குப் புரியாமல் இல்லையே. புரிந்துகொண்டுதானே சிரித்தேன்.

உனக்கு ஒன்று நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நீ தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது ஈப்போவில் ஆங்கிலத்தில் கதை சொல்லும் போட்டி நடந்தது. நீ ஒரு கதையை நாள் கணக்காய்ப் பழகிக்கொண்டு போனாய். கதையில் ஓர் அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் தூங்க வைப்பாள். நீ மேடையில் கையை வீசி, "ஷீ க்ளோஸ்ட் த லைட்" என்றாய். நடுவராக வந்திருந்தவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். கெட்ட மனுஷரில்லை, சும்மா சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நீ கதையை முடிக்காமல் இறங்கி வந்துவிட்டாய். பஸ்ஸில் செமோர் வரும்வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை. இறங்குகிற நேரத்தில்தான் கேட்டாய். "லைட்ட அடைக்காம வேற என்னம்மா செய்வாங்க?" அன்றைக்கு எனக்கும் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. அதற்குப் பிறகு நீ ஆங்கிலத்தை எப்படிப் படித்தாய் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையையும் அரிசியில் கல் பொறுக்குவதைப் போலப் பொறுக்கிப் படித்தாய். இன்றைக்கு அந்த மேடையில் ஒரு தப்பில்லாமல் பேசுகிறாய். அதே வார்த்தைக்காக இன்னொருத்தி சிரிப்புக்கு ஆளாகும்போது, பக்கத்தில் நின்று அடுத்த படத்தைப் போடவும் உன்னால் முடிகிறது. எனக்கு வலித்தது அங்கேதான்.

நீ வளர்ந்த பிள்ளை, உனக்குப் புத்தி சொல்கிற வயதெல்லாம் எனக்கும் தாண்டிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். உன் வேலையே, ஒன்று தெரியாதவர்கள் பதறிப்போய்க் கூப்பிடும்போது எடுத்துப் பேசுவதுதான். உன் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் நாளைக்கு ஊர் முழுக்க அந்த வேலையைத்தான் செய்யப் போகிறார்கள். பயனர் பொய் சொல்கிறார் என்று வாத்தியாரே மேடையில் சொன்னால், அவர்கள் போனை எடுக்கும்போதே ஒரு பொய்க்காரரை எதிர்பார்த்துத்தான் எடுப்பார்கள். நீ கண்டுபிடித்தது அதற்கு நேர் எதிரானது. எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள், கேட்டவர்கள் கேட்ட விதம்தான் சரியில்லை. இவ்வளவு நல்ல ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, அதன் வாசலிலேயே ஏன் இந்தக் கேலியைக் கட்டித் தொங்கவிட்டாய்? வந்தவர்கள் தோரணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்களே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரர்களும் வருகிற கடைசிக் கூட்டம், அங்கேயும் அந்தப் பதிவைப் போடலாமா என்று கேட்டாய். வேண்டாம் என்று நான் எழுதினால் நீ நிறுத்திவிடுவாய், எனக்குத் தெரியும். முதலில் அப்படித்தான் எழுத நினைத்தேன். பிறகு யோசித்தேன். நிறுத்தினால் அந்தப் பொம்பளை முதல் கூட்டத்தில் முட்டாளாக நின்றவள் நின்றபடியேதான் இருப்பாள். அதனால் போடு. ஆனால் முழுதாகப் போடு. நான் கத்தியதை வெட்டாதே, அதற்குப் பிறகு லோகா சாரி சொன்னதையும், சத்தம் நின்றதையும், நாங்கள் இருவரும் சிரித்ததையும் வெட்டாதே. நேரம் போதவில்லை என்றால் உன் பட்டியலில் ஒன்றைக் குறைத்துக்கொள். அந்த இடத்தை லோகாவே எழுந்து நின்று சொல்லட்டும். அவள் இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும் என்பாய். தடுமாறட்டும், நீ பக்கத்தில்தானே நிற்கப் போகிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது உங்கள் ஆராய்ச்சிச் சட்டம் என்றாய். அது என்னைக் காப்பாற்றுவதற்காக வைத்த சட்டம். அந்தக் காவல் எனக்கு வேண்டாம் என்று நானே எழுதித் தருகிறேன், எந்த ஃபாரம் வேண்டுமோ கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன். ஃபாதரிடம் லீவு சொல்லிவிட்டேன். உன் அப்பா இன்றைக்கே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறி வருகிறோம், எனக்கு முன்வரிசையில் ஓர் இடம் வேண்டும். பதிவைப் போடுவதற்கு முன்னால் என்னைக் காட்டி, இவர் என் அம்மா என்று சொல்லு. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் பதிவைப் போடாதே, நான் வருத்தப்பட மாட்டேன், பேசாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறேன். சொல்லிவிட்டுப் போட்டாயானால், அந்த மண்டபத்தில் யார் எவ்வளவு சிரித்தாலும் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அம்மா